பக்கவாதமும் இரத்தத்தின் அழற்சிக் குறியீடுகளும்: எண்கள் சொல்வதும் சொல்லாததும்

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒருவரை மருத்துவமனையில் சேர்த்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, குடும்பத்தினரின் கைக்கு இரத்தப் பரிசோதனை அறிக்கை வந்து சேர்கிறது. அதில் சில எண்கள் தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். சிலவற்றின் அருகே மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கும். 'சி.ஆர்.பி. 48' என்றோ 'நியூட்ரோஃபில் 84 சதவீதம்' என்றோ இருப்பதைக் கண்டதும் மனம் பதறுகிறது. கைப்பேசியில் தேடினால், அழற்சிக் குறியீடுகள் உயர்ந்த நோயாளிகளுக்கு விளைவு மோசமாக இருக்கும் என்ற செய்தி கண்ணில் படுகிறது. "இனி அப்பா எழுந்து நடப்பாரா, டாக்டர்?" என்ற கேள்வி அப்போதுதான் பிறக்கிறது. சில வேளைகளில் அந்தக் கேள்விகூட எழுவதில்லை. 'இனி எதைச் செய்து என்ன பயன்' என்ற முடிவுக்கே குடும்பம் வந்துவிடுகிறது.

அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன, அவற்றை மருத்துவர்கள் எதற்காகப் பார்க்கிறார்கள், நோயாளியின் எதிர்காலத்தைப் பற்றி அவற்றால் எவ்வளவு தூரம் சொல்ல முடியும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. அறிக்கையைச் சரியாகப் புரிந்துகொண்டால் வீண் அச்சமும் விலகும். கவனம் செலுத்த வேண்டிய இடமும் தெளிவாகும்.

மூளையில் என்ன நிகழ்கிறது?

பக்கவாதம் இருவகைப்படும். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு, ஒரு பகுதிக்கு இரத்தம் செல்லாமல் போவது முதல் வகை. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு வருவது இதுவே. இரத்தக் குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிவது இரண்டாம் வகை. பெரிய இரத்தக் குழாய் அடைபட்ட நிலையில் சிகிச்சை கிடைக்காவிட்டால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கணக்கீடு கூறுகிறது. அடைப்பை நீக்கும் சிகிச்சைக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

ஆனால், அடைப்பு ஏற்பட்ட நேரத்தோடு பாதிப்பு முடிந்துவிடுவதில்லை. இறந்த அணுக்களிலிருந்து வெளியாகும் பொருட்கள், 'இங்கே சேதம் ஏற்பட்டுள்ளது' என்ற அறிவிப்பை உடலெங்கும் பரப்புகின்றன. மூளையில் நிலையாகக் குடியிருக்கும் மைக்ரோகிளியா என்னும் காவல் அணுக்கள் முதலில் விழித்தெழுகின்றன. அடுத்த சில மணி நேரங்களில் இரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் அவ்விடத்தை நோக்கி விரைகின்றன. அவற்றைத் தொடர்ந்து பிற வெள்ளணுக்களும் வந்து சேர்கின்றன. உடலின் இந்த எதிர்வினையைத்தான் அழற்சி என்கிறோம்.

காலில் முள் தைத்த இடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிப்பதை நாம் எல்லோரும் அறிவோம். அதுவும் அழற்சியே. சேதத்தைச் சுத்தம் செய்து, காயத்தை ஆற்றுவதற்கு உடல் மேற்கொள்ளும் முயற்சி அது. மூளையிலும் அதே முயற்சிதான் நடைபெறுகிறது. ஆனால், காலில் வீக்கம் ஏற்பட்டால் அது புடைத்துக்கொள்ள இடமுண்டு. எலும்புப் பேழைக்குள் அடைபட்டிருக்கும் மூளைக்கு அந்த இடம் இல்லை. மேலும், நியூட்ரோஃபில்கள் வெளியிடும் நொதிகள் இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையிலுள்ள நுண்ணிய தடுப்பைப் பலவீனப்படுத்தக்கூடும். அதனால் வீக்கம் மிகலாம். அடைப்பு ஏற்பட்ட பகுதியிலேயே இரத்தக் கசிவும் உண்டாகலாம். சேதத்தை ஆற்ற வந்த படை, அளவு மீறினால் சேதத்தைப் பெருக்கவும் செய்யும். அதே நேரத்தில், பின்வரும் நாட்களில் இறந்த திசுக்களை அகற்றிச் சீரமைக்கும் பணிக்கும் அந்த அழற்சி தேவைப்படுகிறது. இந்த இரட்டைத் தன்மையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வரும் பல செய்திகளுக்கு இதுவே திறவுகோல்.

அறிக்கையில் காணப்படும் குறியீடுகள்

மூளைக்குள் நிகழும் அழற்சியை நேரடியாக அளப்பது எளிதன்று. அதன் தடயங்களை இரத்தத்தில் தேடுகிறோம். வழக்கமான அறிக்கைகளில் காணப்படும் குறியீடுகள் மூன்று.

முதலாவது சி.ஆர்.பி. எனப்படும் சி-எதிர்வினைப் புரதம். 1930ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் ஆகிய இருவரும் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதைக் கண்டறிந்தனர். நிமோனியாக் கிருமியின் 'சி' என்னும் பகுதியோடு இது வினைபுரிந்ததால் இப்பெயர் ஏற்பட்டது. உடலின் எந்த மூலையில் அழற்சி ஏற்பட்டாலும், இன்டர்லூகின்-6 என்னும் தூதுப்பொருள் கல்லீரலுக்குச் செய்தி கொண்டு செல்கிறது; கல்லீரல் இப்புரதத்தை உற்பத்தி செய்து இரத்தத்தில் கலக்கிறது. நலமாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இது ஒரு லிட்டர் இரத்தத்தில் சில மில்லிகிராம் அளவே இருக்கும். தீவிரமான பாக்டீரியாத் தொற்றில் அது 100ஐயும் தாண்டுவதுண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சில ஆய்வகங்கள் இதை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும், வேறு சில ஆய்வகங்கள் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும் குறிப்பிடுகின்றன. ஒரு லிட்டர் என்பது பத்து டெசிலிட்டர். ஆகவே, ஓர் அறிக்கையில் 4.8 என்றும் மற்றோர் அறிக்கையில் 48 என்றும் இருப்பவை ஒரே அளவாக இருக்கக்கூடும். நேற்று ஓர் ஆய்வகத்திலும் இன்று வேறோர் ஆய்வகத்திலும் பரிசோதனை செய்திருந்தால், எண்ணுக்கு அருகிலுள்ள அலகைப் பார்க்காமல் 'பத்து மடங்கு ஏறிவிட்டது' என்று கலங்க வேண்டாம்.

இரண்டாவது, நியூட்ரோஃபில்-லிம்போசைட் விகிதம். இதற்குத் தனிப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. சாதாரண முழு இரத்த எண்ணிக்கை அறிக்கையில் இருக்கும் நியூட்ரோஃபில் சதவீதத்தை லிம்போசைட் சதவீதத்தால் வகுத்தால் கிடைப்பது இந்த எண். நியூட்ரோஃபில் 60, லிம்போசைட் 30 என்றால் விகிதம் 2. நலமாக உள்ள பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் 1 முதல் 3 வரை இருக்கும். நியூட்ரோஃபில் 80, லிம்போசைட் 10 என்றால் விகிதம் 8. உடல் கடும் நெருக்கடியில் இருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

இந்த விகிதம் ஏன் உயர்கிறது? பக்கவாதம் ஏற்பட்டதும் உடலில் கார்டிசால் முதலிய நெருக்கடிக்கால ஹார்மோன்கள் பெருகுகின்றன. அவை நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றன. லிம்போசைட்களின் எண்ணிக்கையைக் குறைக்கின்றன. லிம்போசைட்கள் கிருமிகளை இனங்கண்டு எதிர்ப்பதில் பெரும்பங்கு வகிப்பவை. எனவே, உயர்ந்த விகிதம் ஒரே நேரத்தில் இரண்டு செய்திகளைத் தருகிறது: அழற்சி மிகுந்திருக்கிறது, கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் தற்காலிகமாகக் குறைந்திருக்கிறது. வேறு நோய்க்காக ஸ்டீராய்டு மருந்து எடுத்துக்கொள்பவர்களுக்கும் இவ்விகிதம் உயரும் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது ஈ.எஸ்.ஆர். எனப்படும் இரத்தச் சிவப்பணுப் படிவு வேகம். நிமிர்த்தி வைத்த கண்ணாடிக் குழாயில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழே படிகின்றன என்பதை அளக்கும் பழைய பரிசோதனை இது. மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் இயல்புடையது. வயது, இரத்தசோகை, கர்ப்பம் முதலியவற்றாலும் உயரும். அதனால் பக்கவாதத்தின் அன்றாட நிலையை அறிய இது அவ்வளவாக உதவுவதில்லை. ஆனால், எதிர்பாராத அளவுக்கு இது உயர்ந்திருந்தால், பக்கவாதத்திற்கு வேறொரு மூலகாரணம் இருக்கிறதா என்று மருத்துவர் தேடுவார். இரத்தக் குழாய்ச் சுவரின் அழற்சி நோய், இதய வால்வில் கிருமித்தொற்று, காசநோயால் வரும் மூளையுறை அழற்சி ஆகியவை அவற்றுட் சில. இளவயதினருக்குப் பக்கவாதம் வந்தால் இத்தேடல் மிகவும் முக்கியம். காரணம் தெரிந்தால் சிகிச்சையே மாறிவிடும்.

இவை தவிர, பாக்டீரியாத் தொற்றை ஓரளவு தனித்துக் காட்டும் புரோகால்சிடோனின், இரத்தம் உறைந்து கரைவதைக் காட்டும் டி-டைமர் போன்றவற்றையும் தேவைக்கேற்ப மருத்துவர் கேட்கலாம்.

எப்போது எடுக்கப்பட்ட இரத்தம்?

ஒரே நோயாளியின் சி.ஆர்.பி. முதல் நாள் 4 ஆகவும் மூன்றாம் நாள் 40 ஆகவும் இருக்கலாம். நோய் பத்து மடங்கு முற்றிவிட்டது என்று இதற்குப் பொருளன்று. தூண்டுதல் கிடைத்துச் சுமார் ஆறு மணி நேரத்திற்குப் பிறகே இப்புரதம் இரத்தத்தில் கூடத் தொடங்குகிறது. ஏறத்தாழ இரண்டு நாட்களில் உச்சத்தை அடைகிறது. தூண்டுதல் நின்றுவிட்டால், ஏறத்தாழ 19 மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது.

இதிலிருந்து ஒன்று விளங்கும். பக்கவாதம் ஏற்பட்ட ஓரிரு மணி நேரத்திற்குள் எடுத்த இரத்தத்தில் சி.ஆர்.பி. உயர்ந்திருந்தால், அந்த உயர்வு பக்கவாதத்திற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். பல நாட்களாக இருந்த சளிக்காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, ஆறாத காற்புண், மூட்டு அழற்சி என ஏதேனும் ஒன்று காரணமாகலாம். இரண்டாம் நாள் எடுத்த இரத்தத்தில் உயர்ந்திருந்தால், மூளையில் ஏற்பட்ட சேதத்தின் எதிரொலியும் அதில் கலந்திருக்கும். இறங்கத் தொடங்கிய எண் நான்காம், ஐந்தாம் நாளில் மீண்டும் ஏறினால், நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ புதிய தொற்று தொடங்கியிருக்கிறதா என்று மருத்துவர் உடனே ஆராய்வார்.

ஆகவே, ஒரு தனி எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே பொருள் மிக்கது. அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்களே என்று குடும்பத்தினர் வருந்துவதுண்டு. எண்களின் போக்கை அறியவே அவ்வாறு செய்கிறார்கள்.

எண் உயர்ந்தால் விளைவு ஏன் மோசமாகிறது?

சி.ஆர்.பி.யும் நியூட்ரோஃபில்-லிம்போசைட் விகிதமும் உயர்ந்திருக்கும் நோயாளிகளிடையே, மூன்று மாதங்கள் கழித்துப் பிறர் துணையின்றி வாழ முடியாதவர்களும் இறப்பவர்களும் கூடுதலாக இருக்கிறார்கள் என்பது பல நாடுகளில் நடைபெற்ற ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்ட உண்மை. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், ஏன் அப்படி என்று கேட்டால், மூன்று விடைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

மூளையில் சேதம் பெரிதாக இருந்தால் அழற்சியும் பெரிதாக இருக்கும். அப்போது உயர்ந்த எண் சேதத்தின் நிழலே தவிர, சேதத்தின் காரணம் அன்று. மிகுந்த அழற்சியே வீக்கத்தையும் கசிவையும் கூட்டிப் பாதிப்பைப் பெருக்குவது இரண்டாவது வழி. மூன்றாவதாக, தொற்று ஒன்று சேர்ந்துகொண்டு எண்ணை உயர்த்தியிருக்கலாம். அந்தத் தொற்றே நோயாளியை நலிவடையச் செய்யலாம்.

புகையைக் கண்டால் எங்கோ நெருப்பு உண்டு என்று சொல்லலாம். எந்த அடுப்பில் எரிகிறது, விறகா வீடா எரிவது என்பதைப் புகை மட்டும் சொல்லாது. அழற்சிக் குறியீடுகளும் அத்தகையவை. இருப்பதை அறிவிக்கும், இடத்தையும் காரணத்தையும் அறிவிப்பதில்லை. அதைக் கண்டறிய நோயாளியின் அருகில் சென்று பார்க்க வேண்டும்.

முன்கணிப்பு: எவ்வளவு தூரம் நம்பலாம்?

நோயாளி எவ்வளவு தூரம் மீள்வார் என்பதை மதிப்பிட மருத்துவர்கள் முதன்மையாகப் பார்ப்பவை வேறு. பக்கவாதத்தின் தீவிரம், நோயாளியின் வயது, அதற்கு முன் அவர் எந்த அளவு தன் வேலைகளைத் தானே செய்துவந்தார் என்பது, ஸ்கேனில் தெரியும் சேதத்தின் அளவு, அடைப்பு நீக்கப்பட்டதா என்பது ஆகியவையே அவை. தீவிரத்தை அளக்க 0 முதல் 42 வரையிலான மதிப்பெண் முறை ஒன்று உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. கண் அசைவு, கை கால் வலு, பேச்சு, உணர்வு ஆகியவற்றைப் படுக்கையருகிலேயே சோதித்து இந்த மதிப்பெண் இடப்படுகிறது. விளைவை அளக்க ரேங்கின் அளவுகோல் பயன்படுகிறது. 1957ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் ரேங்கின் வகுத்த முறையிலிருந்து வளர்ந்த இந்த அளவுகோலில், 0 என்றால் அறிகுறி எதுவும் இல்லை. 5 என்றால் படுத்த படுக்கை. 6 என்றால் மரணம். பெரும்பாலும் 90ஆம் நாளில் இது கணிக்கப்படுகிறது.

வயதும் தீவிரமும் தெரிந்த பிறகு, அழற்சிக் குறியீடுகள் கூடுதலாக என்ன சொல்கின்றன? எடின்பரோவில் நடைபெற்று 2009ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு இதே கேள்வியை எழுப்பியது. குறியீடுகள் உயர்ந்தவர்களுக்கு விளைவு மோசமாக இருந்தது என்பதை அந்த ஆய்வும் கண்டது. ஆனால், வயதையும் நரம்பியல் பாதிப்பின் மதிப்பெண்ணையும் கொண்டு ஏற்கெனவே செய்திருந்த கணிப்பை, இரத்தக் குறியீடுகள் குறிப்பிடத்தக்க அளவு மேம்படுத்தவில்லை. அனுபவமுள்ள மருத்துவர் படுக்கையருகில் பார்த்து அறிந்ததையே இரத்தமும் பெருமளவு திரும்பச் சொன்னது எனலாம்.

மேலும், ஆய்வுகள் கூறுவது நூற்றுக்கணக்கானோரின் சராசரியை. உயர்ந்த எண் கொண்ட நூறு பேரில் பலர் நன்றாகவே மீண்டிருப்பார்கள். குறைந்த எண் கொண்ட நூறு பேரில் சிலர் மீளாமல் போயிருப்பார்கள். உங்கள் தந்தையோ தாயோ அந்த நூறு பேரில் எவர் என்பதை எண் சொல்வதில்லை. ஆய்வக அறிக்கை ஜாதகம் அன்று.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'எண் மோசம், இனித் தேறமாட்டார்' என்று குடும்பம் நம்பிவிட்டால், சிகிச்சையைப் பாதியில் நிறுத்தி வீட்டுக்கு அழைத்துச் செல்வதும், உடற்பயிற்சிச் சிகிச்சையைக் கைவிடுவதும் நேர்கின்றன. அதன்பின் நோயாளி தேறாமல் போனால், 'அன்றே எண் சொன்னதே' என்று தோன்றும். உண்மையில் எண் சொன்னதால் நடந்ததன்று; எண்ணை நம்பிக் கைவிட்டதால் நடந்தது. மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்ட நோயாளிகளைப் பற்றி அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல்களும் இதே எச்சரிக்கையை விடுக்கின்றன. உயிர்காக்கும் முயற்சிகளைக் கட்டுப்படுத்தும் முடிவுகளை, குறைந்தது இரண்டாவது முழு நாள் வரையிலேனும் ஒத்திவைக்குமாறு அவை பரிந்துரைக்கின்றன. முன்கூட்டியே அத்தகைய விருப்பத்தைத் தெரிவித்திருந்தவர்கள் இதற்கு விதிவிலக்கு.

எண்ணைக் குறைத்தால் போதுமா?

அழற்சிதான் சிக்கல் என்றால் அழற்சியை அடக்கும் மருந்தைக் கொடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆய்வாளர்களும் அதைக் கேட்டுச் சோதித்தார்கள்.

வெள்ளணுக்கள் இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் என்லிமோமாப் என்ற மருந்தை 625 நோயாளிகளிடம் சோதித்து, முடிவை 2001ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மருந்து பெற்றவர்களின் நிலை, பெறாதவர்களின் நிலையைவிட மோசமாகவே அமைந்தது. தொற்று வருமுன் தடுக்க எல்லோருக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் என்ன என்று 2015ஆம் ஆண்டில் வெளிவந்த இரு பெரிய ஆய்வுகள் சோதித்தன. நெதர்லாந்தில் 2,500க்கும் மேற்பட்டோரிடம் நடைபெற்ற ஆய்வில் தொற்றுகள் ஓரளவு குறைந்தன. மூன்று மாத முடிவில் நோயாளிகளின் செயல்திறன் மேம்படவில்லை. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களிடம் பிரிட்டனில் நடைபெற்ற ஆய்வில் நிமோனியாவும் குறையவில்லை.

அழற்சியைத் தணிக்கும் கோல்சிசின் மாத்திரை மற்றொரு பக்கவாதம் வராமல் காக்குமா என்பதை ஆராய்ந்த இரு ஆய்வுகளின் முடிவுகள் 2024ஆம் ஆண்டில் வெளிவந்தன. சீனாவில் சி.ஆர்.பி. உயர்ந்திருந்த 8,000க்கும் மேற்பட்டோரிடம் நடைபெற்ற ஆய்வில் 90 நாட்களில் பயன் எதுவும் தெரியவில்லை. 3,000க்கும் மேற்பட்டோரை நெடுங்காலம் கவனித்த மற்றோர் ஆய்வில் சிறிதளவு குறைவு காணப்பட்டது. எனினும், அது தற்செயலாக நேர்ந்தது அன்று என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

அழற்சி காயத்தை ஆற்றவும் தேவைப்படுவது என்று முன்னர்க் கண்டோம். அதைக் கண்மூடித்தனமாக அடக்குவது நன்மை தராது என்பதே இதுவரை கிடைத்த பாடம். ஆகவே, அறிக்கையில் எண் உயர்ந்திருக்கிறது என்பதற்காக மருந்துக் கடையில் அழற்சித் தடுப்பு மாத்திரையோ ஆன்டிபயாட்டிக்கோ வாங்கிக் கொடுக்க வேண்டாம். சாதாரண வலி மாத்திரைகள் சில, இரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டுபவை என்பதையும் மறவாதீர்கள்.

குடும்பத்தினரின் கையில் இருப்பது

விலையுயர்ந்த மருந்துகள் தராத பயனை எளிய கவனிப்பு தந்த வரலாறும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதச் சிகிச்சைப் பிரிவுகளில் நடைபெற்ற ஆய்வின் முடிவு 2011ஆம் ஆண்டில் வெளியானது. அங்கு செவிலியர்கள் மூன்று காரியங்களை மட்டும் ஒழுங்குபடுத்திச் செய்தார்கள்: காய்ச்சலைக் கண்காணித்துத் தணித்தல், இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல், விழுங்கும் திறனைச் சோதித்தல். வழக்கமான முறையைப் பின்பற்றிய பிரிவுகளில் 90 நாட்களில் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோரும் 58 சதவீதம்; இம்மூன்றையும் ஒழுங்காகச் செய்த பிரிவுகளில் 42 சதவீதம்.

இம்மூன்றிலும் குடும்பத்தினர் துணைநிற்க முடியும். அவற்றுள் விழுங்குதலே தலையாயது. பக்கவாதத்தால் தொண்டைத் தசைகள் வலுவிழந்திருக்கும்போது, குடித்த நீரும் கஞ்சியும் உணவுக்குழாய்க்குச் செல்லாமல் மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குள் சென்றுவிடலாம். இருமல்கூட வராமல் ஓசையின்றி இது நிகழக்கூடும். கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் ஏற்கெனவே குறைந்திருக்கும் அந்த நாட்களில், நிமோனியா எளிதில் பற்றிக்கொள்கிறது. இறங்கிவந்த சி.ஆர்.பி. மீண்டும் ஏறுவதன் பின்னணியில் பல வேளைகளில் இருப்பது அன்போடு ஊட்டப்பட்ட ஒரு வாய் இளநீரோ காப்பியோதான்.

"நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லையே" என்ற தவிப்பு இயல்பானது. ஆனால், விழுங்கும் சோதனை முடிந்து செவிலியரோ மருத்துவரோ அனுமதிக்கும்வரை வாய்வழியாக நீர், உணவு, மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். அனுமதி கிடைத்த பிறகும், நிமிர்ந்து உட்கார வைத்து, அவர்கள் சொல்லிக்கொடுத்த பதத்தில், சிறிது சிறிதாக ஊட்டுங்கள். உணவுக்குப் பின் சிறிது நேரம் நிமிர்ந்த நிலையிலேயே வைத்திருங்கள். வாயை நாள்தோறும் தூய்மை செய்யுங்கள்; வாயில் பெருகும் கிருமிகளே பெரும்பாலும் நுரையீரலைச் சென்றடைகின்றன. உடல் சூடேறுதல், மூச்சு வேகமாதல், பேசும்போது குரல் ஈரமாகக் கரகரத்தல், வழக்கத்திற்கு மாறான உறக்கம் ஆகியவற்றைக் கண்டால் அடுத்த பரிசோதனை வரை காத்திராமல் உடனே தெரிவியுங்கள். இவற்றை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் அருகில் அமர்ந்திருக்கும் உறவினரே.

வீடு திரும்பிய பிறகு

பக்கவாதம் வந்து பல வாரங்கள் சென்ற பிறகும் சி.ஆர்.பி. சற்றே உயர்ந்த நிலையில் நீடித்தால், இரத்தக் குழாய்களின் உட்சுவரில் மந்தமான அழற்சி தொடர்ந்துகொண்டிருப்பதைக் குறிக்கலாம். இத்தகையோருக்கு மீண்டும் பக்கவாதமோ மாரடைப்போ வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். அவ்வழற்சியைத் தணிக்கும் வழிகள் நமக்குப் புதியவை அல்ல. புகையிலையை எவ்வடிவிலும் அறவே விடுதல், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தல், பரிந்துரைக்கப்பட்ட மாத்திரைகளை ஒருநாளும் தவறாமல் எடுத்தல், எடையைக் குறைத்தல், நாள்தோறும் இயன்ற அளவு நடத்தல், பல் ஈறு நோய்க்குச் சிகிச்சை பெறுதல் ஆகியவையே அவை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் சி.ஆர்.பி.யையும் குறைக்கின்றன. கொழுப்பு அளவு சரியாகிவிட்டது என்று கருதி அவற்றை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கையோ காலோ வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் எது மீண்டும் திடீரெனத் தோன்றினாலும், சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும்கூட, உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, 'இந்த எண் ஏன் இவ்வளவு?' என்று மட்டும் கேட்பதைவிடப் பின்வருமாறு கேட்பது பயன் தரும்.

• இந்த இரத்தம் பக்கவாதம் ஏற்பட்டு எத்தனை மணி நேரம் கழித்து எடுக்கப்பட்டது? முந்தைய அளவைவிட ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா?
• உயர்வுக்குக் காரணம் மூளையின் பாதிப்பா, தொற்றா? தொற்று என்றால் எங்கே?
• இதனால் சிகிச்சையில் ஏதேனும் மாற்றம் உண்டா?
• விழுங்கும் சோதனை முடிந்துவிட்டதா? வாய்வழியாக என்ன கொடுக்கலாம்?
• இயன்முறைச் சிகிச்சையை எப்போது தொடங்கலாம்? நாங்கள் அதில் எவ்வாறு உதவலாம்?

இறுதியாக ஒன்று. பக்கவாதத்திலிருந்து மீள்வது முதல் மூன்று மாதங்களில் விரைவாகவும், அதன்பின் மெதுவாகவும் தொடரும் நெடும்பயணம். முதல் வாரத்து இரத்த அறிக்கை அப்பயணத்தின் முதல் மைல்கல்லைத்தான் காட்டுகிறது, சேருமிடத்தை அன்று. எண்ணை மருத்துவர் கவனித்துக்கொள்வார். நீங்கள் நோயாளியின் முகத்தைக் கவனியுங்கள், மூச்சைக் கவனியுங்கள், நேற்று அசையாத விரல் இன்று அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால், அதையும் மறவாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்த ஆய்வக அறிக்கையிலும் அச்சிடப்படாத, ஆனால் மருத்துவர் மிகவும் அறிய விரும்பும் செய்தி அது.